விமானப் பயணத்தில் ட்ரோனும் பேட்டரியும் எடுத்துச் செல்லுதல்

ஆளில்லாச் சிறு வானூர்தியான ட்ரோனையும் அதை இயக்கும் லித்தியம் பேட்டரிகளையும் விமானத்தில் விதிப்படி பொதிந்து கொண்டுசெல்லும் முறை பற்றியது இக்கட்டுரை. ட்ரோனின் உடல், இறக்கைகள், கேமரா ஆகியவை விமான நிறுவனங்களின் கண்ணில் சாதாரணச் சாமான்களே. கட்டுப்பாடுகளில் பெரும்பாலானவை பேட்டரிக்கு உரியவை. பேட்டரியில் அடங்கும் ஆற்றல் 100 வாட்-மணிக்குள் இருந்தால் பயணி அதைக் கைப்பையில் எடுத்துச் செல்லலாம். 100 முதல் 160 வாட்-மணி வரை விமான நிறுவனத்தின் முன் ஒப்புதல் தேவை. 160-ஐத் தாண்டினால் பயணியின் எந்தப் பையிலும் அதற்கு இடமில்லை. சரக்காகத்தான் அனுப்ப வேண்டும்.

தொழிற்கூடக் கூரைகளையும் புகைபோக்கிகளையும் படமெடுக்கும் சிறு ட்ரோன்கள் இந்த வரம்பின் ஒரு பக்கத்திலும், வயலில் மருந்து தெளிக்கும் பெரிய ட்ரோன்கள் மறுபக்கத்திலும் நிற்கின்றன. ஒருபுறம் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழில் வளாகமும் மறுபுறம் பொன்னேரி நெல்வயல்களும் கொண்ட திருவள்ளூர் மாவட்டத்தில் இவ்விரு வகைக்கும் வேலை உண்டு. சென்னைக்கு வடக்கே சுமார் 45 கிலோமீட்டரில், கொல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த கும்மிடிப்பூண்டிக்குச் சென்னை மீனம்பாக்கமே பயன்பாட்டிலுள்ள விமான நிலையம்.

கட்டுப்பாட்டின் காரணம்

லித்தியம் பேட்டரியில் ஒரு செல் அடிபட்டாலோ, உள்ளே குறுக்குமின்சுற்று ஏற்பட்டாலோ அது தானாகவே சூடேறத் தொடங்கும். அந்த வெப்பம் அடுத்த செல்லைத் தாக்க, சூடு சங்கிலியாகப் பரவும். தீப்பற்றக்கூடிய வாயுக்களும் வெளியேறும். விமானத்தின் சரக்கறையில் தீயணைக்கப் பயன்படும் ஹாலோன் வாயு வெளிச்சுவாலையை அடக்குமே தவிர, செல்லுக்குள் நடக்கும் இந்த வேதிவினையை நிறுத்தாது. அதைக் கட்டுப்படுத்த நீர் ஊற்றிக் குளிர்விக்க வேண்டும். அதற்கு ஆள் எட்டும் இடத்தில் பேட்டரி இருக்க வேண்டும். உதிரி பேட்டரியைச் செக்-இன் பையில் வைக்காமல் கேபினுக்குக் கொண்டுவரச் சொல்வது இதனால்தான். அமெரிக்கா 2008 ஜனவரி 1 முதல் உதிரி லித்தியம் பேட்டரிகளைச் செக்-இன் பையில் வைக்கத் தடை விதித்தது. இன்று உலகெங்கும் இதே நடைமுறை உள்ளது.

2010 செப்டம்பர் 3 அன்று துபாயில் யூ.பி.எஸ். நிறுவனத்தின் சரக்கு விமானம் தீப்பிடித்து விழுந்து விமானிகள் இருவரும் இறந்தனர். அதன் சரக்கில் லித்தியம் பேட்டரிகள் பெருமளவில் இருந்தன. தீ எட்டும் இடத்தில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னை விமானம் ஒன்றே சான்று. 2016 செப்டம்பர் 23 அன்று சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வந்த இண்டிகோ விமானத்தில், இருக்கைக்கு மேலுள்ள சாமான் அடுக்கிலிருந்து புகை வந்தது. சாம்சங் நோட் 2 கைப்பேசி ஒன்று புகைவதைக் கண்ட பணியாளர்கள் தீயணைப்பானைப் பயன்படுத்தி, பிறகு அதைக் கழிவறைக்குக் கொண்டுபோய் நீரில் போட்டனர். விமானம் பத்திரமாகத் தரையிறங்கியது.

வாட்-மணிக் கணக்கு

பேட்டரியின் மேல் வோல்ட் அளவும் மில்லி ஆம்பியர்-மணி அளவும் அச்சிடப்பட்டிருக்கும். மில்லி ஆம்பியர்-மணியை ஆயிரத்தால் வகுத்து வோல்ட்டால் பெருக்கினால் வாட்-மணி கிடைக்கும். இங்கே எடுக்க வேண்டியது பெயரளவு வோல்ட். லிப்போ எனப்படும் லித்தியம் பாலிமர் வகையில் ஒரு செல்லுக்கு அது 3.7 வோல்ட், முழுதாகச் சார்ஜ் ஏறியபின் காட்டும் 4.2 வோல்ட் அல்ல. ஆறு செல்களைத் தொடராக இணைத்த 6 எஸ் பேட்டரியின் பெயரளவு 22.2 வோல்ட் ஆகும்.

வழக்கத்தில் உள்ள சில அளவுகள்:

- டி.ஜே.ஐ. நிறுவனத்தின் மினி 2 ட்ரோன் (7.7 வோல்ட், 2,250 மில்லி ஆம்பியர்-மணி): 17.3 வாட்-மணி
- மேவிக் 3 (15.4 வோல்ட், 5,000): 77 வாட்-மணி
- 6 எஸ், 4,500: 99.9 வாட்-மணி
- 6 எஸ், 5,000: 111 வாட்-மணி
- 6 எஸ், 7,000: 155.4 வாட்-மணி
- மேட்ரிஸ் 300 ட்ரோனின் டி.பி.60 பேட்டரி: 274 வாட்-மணி
- 6 எஸ், 16,000: 355.2 வாட்-மணி
- 12 எஸ், 22,000: 976.8 வாட்-மணி

இப்பட்டியலில் 4,500-க்கும் 5,000-க்கும் இடையே உள்ள வேறுபாடு கவனிக்கத்தக்கது. கையில் எடுத்துப் பார்த்தால் இரண்டு பேட்டரிகளும் ஏறத்தாழ ஒரே பருமன்தான். ஆனால் முதலாவது ஒப்புதல் இல்லாமல் போகும்; இரண்டாவதற்கு விமான நிறுவனத்தைக் கேட்டாக வேண்டும். டி.ஜே.ஐ. இன்ஸ்பயர் 2 ட்ரோனின் டி.பி.50 பேட்டரி 97.58 வாட்-மணியில் நிற்கிறது. அந்த ட்ரோனுக்கு இரண்டு பேட்டரிகளைச் சேர்த்துப் போட வேண்டும் என்றாலும், தனித்தனியாகக் கணக்கிடுவதால் அவை கைப்பைக்குள் அடங்கிவிடுகின்றன.

பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டாவின் விதிகளின்படி 100 வாட்-மணிக்கு உட்பட்ட உதிரி பேட்டரிகள் ஒரு பயணிக்குப் பொதுவாக 20 வரை அனுமதிக்கப்படும். 100–160 வகையில் உதிரி இரண்டுக்கு மேல் கூடாது. விமான நிறுவனங்கள் இந்த எண்ணிக்கையை இன்னும் குறைக்கலாம். எனவே பயணச்சீட்டு எந்த நிறுவனத்தினுடையதோ அதன் விதியே இறுதியானது. மாற்று விமானம் ஏறும் பயணத்தில் இரு நிறுவனங்களின் விதிகளையும் பார்த்து, இரண்டில் கடுமையானதைப் பின்பற்றுவது வழக்கம்.

பொதியும் முறை

பயணத்துக்கு முந்திய நாள் பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்வது படப்பிடிப்புக்குப் போவோரின் பழக்கம். விமானத்துக்கு இது பொருந்தாது. சார்ஜ் குறைவாக இருந்தால், கோளாறு ஏற்பட்டாலும் வெளிப்படும் வெப்பம் குறையும். கைப்பையில் செல்லும் பேட்டரிக்குச் சார்ஜ் அளவைப் பொதுவிதி குறிப்பிடவில்லை என்றாலும், பாதிக்கும் கீழே இறக்கிக் கொண்டுபோவது நல்லது. லிப்போவை நெடுநாள் வைத்திருக்க ஏற்றது செல்லுக்குச் சுமார் 3.8 வோல்ட். சார்ஜரில் ‘ஸ்டோரேஜ்’ என்ற தேர்வை அழுத்தினால் அதுவே அந்த அளவுக்குக் கொண்டுவந்து நிறுத்தும்.

அடுத்தது முனைகளைக் காப்பது. டி.ஜே.ஐ. போன்ற உறையிட்ட பேட்டரிகளில் உலோக முனைகள் உள்ளொடுங்கி இருக்கும். தொழிற்கூடங்களில் கட்டப்படும் ட்ரோன்களின் லிப்போவில் மஞ்சள் நிற எக்ஸ்டி60 இணைப்பான் வயரின் நுனியில் தொங்கும். பையில் கிடக்கும் சாவியோ நாணயமோ அதன் இரு முனைகளையும் ஒருங்கே தொட்டால் பேரளவு மின்சாரம் பாய்ந்து வயரே பழுத்துவிடும். இணைப்பானுக்கு மூடி போட வேண்டும். மூடி இல்லையென்றால் மின்காப்பு நாடா சுற்ற வேண்டும். சார்ஜ் சமன் செய்யும் வெள்ளை நிறச் சிறு இணைப்பானையும் விட்டுவிடக் கூடாது. பிறகு ஒவ்வொரு பேட்டரியையும் தனித்தனிப் பையிலோ வாங்கியபோது வந்த பெட்டியிலோ இட வேண்டும். தீத்தாங்கும் துணியால் தைத்த லிப்போ பை கூடுதல் காப்பு தரும். ஆனால் அது வாட்-மணி வரம்பை உயர்த்தித் தராது.

வாட்-மணி அச்சு அழிந்துபோன பேட்டரியைப் பாதுகாப்புச் சோதனையில் ஏற்க மறுக்கலாம். ஒட்டுத்தாள் உரியும் நிலையில் இருந்தால் அதன் மேல் ஒளிபுகும் நாடா ஒட்டிக் காப்பதும், தயாரிப்பாளரின் விவரத்தாளைக் கைப்பேசியில் வைத்திருப்பதும் உதவும். இந்திய விமான நிலையங்களில் சோதனை நடத்தும் மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையினர் பேட்டரிகளைத் தட்டில் தனியே எடுத்து வைக்கச் சொல்வது உண்டு. அதனால் அவை பையின் மேற்புறத்தில் இருப்பது நல்லது.

ட்ரோனின் உடல் கைப்பையிலோ செக்-இன் பெட்டியிலோ செல்லலாம். செக்-இன் பெட்டியில் வைத்தால் உதிரி பேட்டரி ஒன்றுகூட அதில் தங்கிவிடக் கூடாது. ட்ரோனைக் கேபினில் ஏற்காத நிறுவனங்களும் உண்டு. அப்போதும் கழற்றிய பேட்டரி பயணியுடன் கைப்பையில்தான் வர வேண்டும். கேமராவைத் தாங்கும் கிம்பலுக்குப் பூட்டுமூடி போட்டு, இறக்கைகளைக் கழற்றியோ மடித்தோ, நுரைப்பஞ்சு வெட்டி அமைத்த கெட்டிப் பெட்டியில் வைக்க வேண்டும். திருப்புளி, ஆலன் சாவி முதலிய கருவிகள் கைப்பையில் இருந்தால் சோதனையில் பறிபோகும் என்பதால் அவை செக்-இன் பெட்டிக்கு உரியவை. கட்டுப்பாட்டுக் கருவிக்குள்ளும் பேட்டரி இருப்பதால் அதை முழுதாக அணைத்துக் கைப்பையில் வைப்பது பாதுகாப்பானது.

உப்பிய பேட்டரி, கீழே விழுந்து நசுங்கியது, தயாரிப்பாளர் திரும்பப் பெறச் சொன்னது ஆகிய மூன்றும் எந்த வாட்-மணியாக இருந்தாலும் விமானத்தில் ஏறக் கூடாது. அவற்றைக் குப்பையில் எறிவதும் ஆபத்தானது. பயன்படுத்தி முடித்த பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் தயாரிப்பாளர்கள் மீது சுமத்தியுள்ளன.

160 வாட்-மணிக்கு மேல்: சரக்கு வழி

பத்து லிட்டர் மருந்து சுமக்கும் தெளிப்பு ட்ரோன்களின் பேட்டரிகள் 160 வாட்-மணியை எளிதில் தாண்டுகின்றன. இவை ஒன்பதாம் வகுப்பு ஆபத்துச் சரக்கு. பேட்டரி மட்டும் தனியாகச் சென்றால் அதற்குரிய ஐ.நா. குறியீட்டு எண் யூ.என். 3480, கருவியுடன் சென்றால் யூ.என். 3481. யூ.என். 3480 சரக்கு 2016 ஏப்ரல் 1 முதல் பயணிகள் விமானத்தின் சரக்கறையில் தடை செய்யப்பட்டுள்ளது. சரக்கு விமானத்தில் மட்டுமே, அதுவும் சார்ஜ் 30 சதவீதத்தைத் தாண்டாமல், செல்லலாம்.

அனுப்புவோர் காட்ட வேண்டிய முதல் ஆவணம் யூ.என். 38.3 சோதனைச் சுருக்கம். உயரக் காற்றழுத்தம், வெப்ப மாற்றம், அதிர்வு, மோதல், வெளிக் குறுக்குமின்சுற்று உள்ளிட்ட சோதனைகளில் அந்தப் பேட்டரி வகை தேறியது என்பதற்கு அதுவே சான்று. 2020 முதல் தயாரிப்பாளர்கள் இந்தச் சுருக்கத்தைக் கேட்போருக்குத் தர வேண்டும். உள்ளூர்க் கடையில் செல் வாங்கி, நிக்கல் பட்டை வைத்துப் பற்றவைத்துக் கட்டிய பேட்டரிக்கு இது இருக்காது; எனவே வான்வழிச் சரக்காகவும் அது போக முடியாது. இதற்கு மேல் தரச்சான்று பெற்ற அட்டைப்பெட்டி, ஒன்பதாம் வகுப்பு லித்தியம் பேட்டரி ஒட்டுத்தாள், ‘சரக்கு விமானத்துக்கு மட்டும்’ என்ற ஆரஞ்சு ஒட்டுத்தாள், ஆபத்துச் சரக்குப் பயிற்சி பெற்றவர் கையெழுத்திட்ட அறிவிப்பு ஆகியவையும் தேவை. இத்தனையும் நேரமும் செலவும் பிடிப்பவை. அதனால் பெரிய ட்ரோனுடன் வெளியூர் செல்வோர் பேட்டரியைச் சாலை வழியாக முன்கூட்டியே அனுப்புவதும், சென்ற ஊரிலேயே வாடகைக்கு எடுப்பதும் உண்டு.

இந்தியச் சட்டமும் எல்லை தாண்டலும்

உள்நாட்டு விமானத்தில் ட்ரோனை எடுத்துச் செல்வதும், இறங்கிய ஊரில் பறக்கவிடுவதும் வேறு வேறு விதிகளுக்கு உட்பட்டவை. பறக்கவிடுவதை 2021 ஆகஸ்ட் 25 அன்று அறிவிக்கப்பட்ட ட்ரோன் விதிகள் ஒழுங்குபடுத்துகின்றன. 250 கிராம் வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ, 25 கிலோ வரை சிறியது, 150 கிலோ வரை நடுத்தரம், அதற்கு மேல் பெரியது என்பது அவற்றின் வகைப்பாடு. விமான நிலையச் சுற்றுவேலியிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரை, முன் அனுமதி இன்றிப் பறக்கவிடக்கூடிய பசுமை மண்டலத்தின் உயரம் 200 அடி. அதற்கு அப்பால் 400 அடி. திருவள்ளூர் மாவட்டத்துக்குள் ஆவடியில் விமானப்படைத் தளமும் கனரக வாகனத் தொழிற்சாலையும் உள்ளன. பழவேற்காடு ஏரியை வங்கக் கடலிலிருந்து பிரிக்கும் ஸ்ரீஹரிகோட்டாத் தீவில் ராக்கெட் ஏவுதளம் இருக்கிறது. ஆகவே இந்த வட்டாரத்தில் வான்வெளி வரைபடத்தைப் பார்த்துவிட்டே ட்ரோனை எழுப்ப வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து திரும்பும் தமிழர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இறக்குமதித் தடை. வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்ககம் 2022 பிப்ரவரி 9 அன்று, முழுமையான ட்ரோனையும் பாகங்களாகப் பிரித்த ட்ரோனையும் இறக்குமதி செய்வதைத் தடை செய்தது. ஆராய்ச்சி, பாதுகாப்புத் தேவைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. உதிரிபாகங்களுக்குத் தடை இல்லை. சிங்கப்பூரிலோ துபாயிலோ வாங்கிய ட்ரோனைப் பரிசாகக் கொண்டுவந்தால் சுங்கத்தில் பறிமுதலாகலாம்.

இங்கிருந்து கொண்டுபோன ட்ரோனைத் திரும்பக் கொண்டுவரும்போதும் இதே சிக்கல் எழலாம். புறப்படும்போதே விமான நிலையச் சுங்க அதிகாரியிடம் ட்ரோனின் வரிசை எண்ணைக் காட்டி ஏற்றுமதிச் சான்று பெற்றுக்கொள்வது அதைத் தவிர்க்கும் வழி. கண்காட்சிக்கும் படப்பிடிப்புக்கும் கருவிகள் கொண்டுசெல்லும் நிறுவனங்கள் ஏ.டி.ஏ. கார்னே என்ற தற்காலிகச் சுங்க ஆவணத்தைப் பயன்படுத்துகின்றன; இந்தியாவில் அதை வழங்குவது தொழில் வணிகக் கூட்டமைப்பான ஃபிக்கி.

சேரும் நாட்டின் சட்டம் தனி. இலங்கையில் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையிடம் அனுமதி பெற வேண்டும். சிங்கப்பூரில் 250 கிராமுக்கு மேற்பட்டவற்றைப் பதிவு செய்ய வேண்டும். மொராக்கோவுக்குள் ட்ரோனைக் கொண்டுசெல்லவே முடியாது.

தமிழ்நாட்டில் ட்ரோன் பயணம்

தமிழகத்திலிருந்து ட்ரோன்கள் வெளிநாடு சென்றதில் பரவலாக அறியப்பட்டது குரோம்பேட்டை எம்.ஐ.டி.யின் தக்‌ஷா குழு. அண்ணா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இந்த மாணவர் குழு, நடிகர் அஜித் குமாரை ஆலோசகராகக் கொண்டு, 2018-இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் நடந்த மருத்துவச் சேவை ட்ரோன் போட்டியில் இரண்டாமிடம் பெற்றது. மாநில அரசு 2022-இல் தமிழ்நாடு ஆளில்லா விமானக் கழகத்தைத் தொடங்கியது. திருவள்ளூரை அடுத்த காஞ்சிபுரம் மாவட்டத்தில், வல்லம் வடகால் சிப்காட்டில் ஆளில்லா வானூர்திச் சோதனை மையம் அமைக்கும் திட்டமும் வந்தது.

திருவள்ளூர் மாவட்டத்திலிருந்து விமான நிலையம் செல்வோருக்கு வெயில் தனிக் கவலை. கோடையில் திருத்தணி 40 டிகிரி செல்சியசைத் தாண்டுவது வழக்கம். வெயிலில் நிறுத்திய காரின் உள்ளே சூடு அதைவிடவும் ஏறும். வெப்பம் ஏறிய லிப்போ உப்புவதற்கு வாய்ப்பு அதிகம். உப்பியது விமானத்தில் ஏறாது. ஆகவே பேட்டரிப் பெட்டியைக் காரின் பின்பக்க டிக்கியில் விடாமல் இருக்கையோரம் நிழலில் வைப்பதும், பையை மூடுமுன் ஒவ்வொரு பேட்டரியையும் சமதளத்தில் வைத்து உப்பியிருக்கிறதா என்று தடவிப் பார்ப்பதும் இப்பகுதிக்குப் பொருந்தும் முன்னெச்சரிக்கைகள்.