பட்டறைப்பெரும்புதூர் முதல் அலிபிரி வரை

திருவள்ளூரைத் தாண்டித் திருத்தணிப் பக்கம் போகும் காரை பட்டறைப்பெரும்புதூர் டோல்கேட்டில் முதலில் அடையாளம் கண்டுகொள்வது அங்கே உட்கார்ந்திருக்கும் ஊழியர் அல்ல, தலைக்கு மேலே இருக்கும் ஆன்டெனா. அது 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையிலான வானொலி அலையை வீசுகிறது. முன்கண்ணாடியின் உட்புறம் ஒட்டிய வயலட் நிற ஸ்டிக்கர் அந்த அலையிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொண்டு, தன் எண்ணைத் திருப்பிச் சொல்கிறது. ஸ்டிக்கருக்குள் பேட்டரி கிடையாது. மெல்லிய உலோக ஆன்டெனாவும் ஒரு சின்னஞ்சிறு சிப்பும்தான். கணக்கில் காசு இருந்தால் தடுப்புக் கட்டை மேலே போகும்.

கற்கால மனிதர்களின் கருவிகளைத் தமிழ்நாடு தொல்லியல் துறை தோண்டி எடுத்த ஊர் இது. அதே மண்ணில் இன்று நம் காலத்தின் கருவி ஒன்று நொடிப்பொழுதில் பேசி முடிக்கிறது.

இந்த ஸ்டிக்கரின் பூர்வீகம் இரண்டாம் உலகப் போர். வானில் வருவது நம் விமானமா, எதிரியுடையதா என்று வானொலி அலையால் கேட்டுப் பதில் வாங்கும் முறை அப்போது உருவானது. 1948இல் ஹாரி ஸ்டாக்மன், பட்டுத் திரும்பும் அலையைக் கொண்டே செய்தி அனுப்பலாம் என்று ஆய்வுக் கட்டுரை எழுதினார். மரியோ கார்டுல்லோ 1971இல் இத்தகைய கருவியை நியூயார்க் துறைமுக ஆணையத்துக்குச் சுங்க வசூலுக்காகச் செய்து காட்டினார். 1973இல் காப்புரிமையும் பெற்றார். 1991இல் நார்வேயின் ட்ரோண்ட்ஹைம் நகரில் வண்டிகள் வேகம் குறைக்காமலே கட்டணம் செலுத்திப் போயின. 1998இல் சிங்கப்பூர் இன்னும் ஒரு படி மேலே போனது. அங்கே ஸ்டிக்கருக்குப் பதில் வண்டிக்குள் பொருத்திய வேறொரு கருவி, நோக்கமும் வேறு. நெரிசல் மிகுந்த நேரத்தில் கூடுதல் கட்டணம், நெரிசல் தணிந்தால் குறைவு. அந்த வசூல் வண்டிகளின் வரவைக் குறைப்பதற்கென்றே வந்தது.

நம் நாட்டுக்கு எந்த முறை சரிப்படும் என்று நந்தன் நிலகேணி தலைமையிலான குழு 2010இல் சொன்னது. விலை மலிவு, பேட்டரி மாற்ற வேண்டியதில்லை என்ற காரணங்கள் இந்தச் சாதாரண ஸ்டிக்கருக்கு வலு சேர்த்தன. 2014இல் அகமதாபாத்–மும்பை சாலையில் ஃபாஸ்டேக் என்ற பெயரோடு சோதனை தொடங்கியது. 2015 ஜூலையில் சென்னை–பெங்களூர் சாலைக்கு வந்தது. 2021 பிப்ரவரி நடுவில் எல்லோருக்கும் கட்டாயமானது. ஸ்டிக்கர் இல்லாதவர் இரட்டிப்புக் கட்டணம் கட்டினார்.

அதற்கு முந்தைய டோல்கேட்டை நினைத்துப் பார்க்க வேண்டும். நூறு ரூபாய்த் தாளை நீட்டினால் சில்லறை இல்லை என்பார்கள். பின்னால் ஹாரன் சத்தம். ரசீது கிழியும் வரை எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். 2018–19இல் ஒரு டோல்கேட்டில் சராசரியாக 8 நிமிடம் காத்திருக்க வேண்டியிருந்தது, 2020–21இல் அது 47 நொடியாகக் குறைந்தது என்று மத்திய அரசு கணக்குக் காட்டியிருக்கிறது. எரிந்து வீணான டீசலையும் வெயிலில் வாடிய குழந்தைகளையும் எண்ணினால் இது பெரிய காரியம்தான்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2021 மே மாதம் தேசிய நெடுஞ்சாலை ஆணையம் நல்ல விதி ஒன்று போட்டது. ஒரு வண்டிக்கு 10 நொடிக்கு மேல் ஆகக்கூடாது. வரிசை 100 மீட்டர் மஞ்சள் கோட்டைத் தாண்டினால், அது உள்ளே சுருங்கும்வரை வண்டிகளைக் காசில்லாமல் விட வேண்டும். தாமதத்தின் செலவை வசூலிப்பவர் தலையில் வைத்த விதி அது. 2024 ஆகஸ்டில் அதைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். அந்த இழப்பு எனக்கு இன்னும் ஆறவில்லை.

சரி, ஸ்டிக்கரோடு மேலே போவோம். பட்டறைப்பெரும்புதூரை விட்டால் அடுத்து அதைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது ஆந்திராவுக்குள், புத்தூரைத் தாண்டி, எஸ்.வி.புரம் டோல்கேட். நடுவில் இருக்கிறது மலைக்கோயில் ஊரான திருத்தணி. அங்கே அது ஊமை.

நெரிசல் உண்மையில் இருப்பதோ அங்கேதான். அரக்கோணம், சோளிங்கர், சித்தூர், நகரி என்று நாலு திசைச் சாலைகளும் மலையடிவாரத்தில் வந்து சேர்கின்றன. ஆடிக் கிருத்திகைக்குப் பூக்காவடி சுமந்து லட்சக்கணக்கில் ஜனம் வரும். அதில் பெரும் பங்கு தெலுங்கு பேசும் பக்தர்கள். சரவணப் பொய்கைத் தெப்பத்தைப் பார்க்கச் சாலை நிரம்பிவிடும். டிசம்பர் 31 இரவு படித் திருவிழாவும் அப்படியே. காவடிக்காரருக்கு ஏது ஸ்டிக்கர்? நெடுஞ்சாலையில் சுங்கம் கட்டாத இருசக்கர வண்டிக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் அது இல்லை. ஊரை உண்மையில் நிறைப்பவர்கள் இந்தக் கருவியின் கணக்கிலேயே வருவதில்லை. அந்த நாட்களில் ஊரைக் காப்பது பழைய வழிகள்தான்: ஊருக்கு வெளியே தற்காலிக பஸ் நிலையம், சிறப்பு பஸ், வெயிலில் விசிலோடு நிற்கும் போலீஸ்காரர்.

இதே சாலையின் மறுமுனையில் இன்னொரு மலைக்கோயில் வேறு மாதிரி செய்து பார்க்கிறது. 2025 ஆகஸ்ட் 15 முதல் திருமலைக்கு ஏறும் வண்டிகளுக்கு அலிபிரி சோதனைச் சாவடியில் ஃபாஸ்டேக் கட்டாயம் என்று திருமலை திருப்பதி தேவஸ்தானம் அறிவித்தது. இல்லாமல் வருபவர்களுக்கு அங்கேயே கொடுக்கவும் ஏற்பாடு. பணம் வாங்கும் நேரம் மிச்சம். பையைத் திறந்து பார்க்கும் பாதுகாப்புச் சோதனையோ அப்படியேதான். ஒரு வரிசையின் ஒரு கண்ணியை மட்டும்தான் ஸ்டிக்கரால் சுருக்க முடியும்.

திருத்தணிக்கு அலிபிரியை அப்படியே நகல் எடுக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். இங்கே வேண்டியது வசூல் அல்ல, முன்னறிவு. ஆடிக் கிருத்திகை விடியலில் பட்டறைப்பெரும்புதூரைத் தாண்டிய கார், வேன், பஸ் எத்தனை, எஸ்.வி.புரத்தைத் தாண்டி இந்தப் பக்கம் திரும்பியவை எத்தனை என்பது அந்த இரு கேட்களுக்கும் தெரியும். வண்டி எண்ணும் சொந்தக்காரர் பெயரும் வேண்டாம், வெறும் எண்ணிக்கை போதும். கார் அங்கிருந்து திருத்தணி வந்து சேர அரைமணி நேரமாவது பிடிக்கும். அதற்குள் அந்த எண்ணிக்கை ஊர்ப் போலீசின் கைக்கு வந்தால் எந்த நிறுத்துமிடத்தை மூடலாம், எதைத் திறக்கலாம், வேன்களை எங்கே மடக்கலாம் என்று தீர்மானிக்கலாம். அரக்கோணம், சோளிங்கர், சித்தூர் பக்கத்திலிருந்து வருபவை இதில் விடுபட்டுப்போகும். அங்கே ஆள் நின்றுதான் எண்ண வேண்டும். இன்னொன்றும் செய்யலாம். ஹைதராபாத் விமான நிலைய வாகன நிறுத்தத்தில் இதே ஸ்டிக்கர் 2019லேயே சோதிக்கப்பட்டது. அடிவாரத்து நிறுத்துமிடங்களின் வாசலிலும் ஓர் ஆன்டெனா இருந்தால் உள்ளே எத்தனை கார், இன்னும் எத்தனைக்கு இடம் என்பதை நெடுஞ்சாலையிலேயே பலகையில் போட்டுவிடலாம். அடுத்த ஆடிக் கிருத்திகைக்கு ஒரே ஒரு நிறுத்துமிடத்தில் செய்து பார்த்தாலும் போதும்.