கம்பிக்குள் புகுந்த கவசம்: மிக், ஃபிளக்ஸ் கோர் வெல்டிங் வளர்ந்த வழி

மின்வில்லின் சூட்டில் உருகிய இரும்புக்குக் காற்றுதான் முதல் பகை. ஆக்சிஜனும் நைட்ரஜனும் உள்ளே புகுந்தால் இணைப்பில் துளை விழும். உலோகம் நொறுங்கும் தன்மை பெறும். காற்றை எப்படி விலக்குவது என்ற கேள்விக்கு அந்தந்தக் காலம் கண்ட விடைகளே இன்றைய வெல்டிங் முறைகள். மிக், ஃபிளக்ஸ் கோர் இரண்டின் வரலாற்றையும் இந்தக் கோணத்தில் பார்த்தால், புதிதாகக் கற்பவரைக் குழப்பும் விதிகளுக்குக் காரணம் விளங்கும்.

சுவீடனின் ஆஸ்கர் கெல்பெரி 1904இல் ஈசாப் நிறுவனத்தைத் தொடங்கினார். வெல்டிங் ராடின் மேல் ஃபிளக்ஸ் என்ற கலவையைப் பூசி, அது எரியும்போது எழும் புகையையும் கசடையும் கவசமாக்கியது அவர் வழி. ஆனால் ராடு தீரும்போதெல்லாம் வேலை நின்றது. 1920இல் ஜெனரல் எலெக்ட்ரிக்கின் பி.ஓ. நோபல் வெற்றுக் கம்பியை இயந்திரத்தால் இடைவிடாமல் ஊட்டினார். வேலை ஓடியது, கவசம் இல்லை. மேல்பூச்சு இருந்தால் ஓடும் கம்பிக்கு மின்சாரம் ஏற்ற முடியாது, பூச்சு இல்லாவிட்டால் பாதுகாப்பில்லை என்ற முடிச்சு விழுந்தது.

முடிச்சை அவிழ்த்த ஒரு வழி வாயு. 1948இல் அமெரிக்காவின் பேட்டல் ஆய்வு நிறுவனம், ஏர் ரிடக்‌ஷன் நிறுவனத்தின் ஆதரவில், மெல்லிய கம்பியைச் சுற்றி மந்த வாயு பாயும் முறையை உருவாக்கியது. அதுவே மிக். அதோடு வந்த நிலையான வோல்டேஜ் மின்மூலம் அதற்கு இணையான முன்னேற்றம். வில் நீண்டால் மின்னோட்டம் குறையும். கம்பி மெதுவாக உருகும். வில் தானாகவே பழைய நீளத்துக்குத் திரும்பும். மிக் இயந்திரத்தில் கம்பியின் வேகமே ஆம்பியரைத் தீர்மானிப்பது இதனால்தான்.

அலுமினியத்துக்குப் பொருந்திய இம்முறை, வாயுவின் விலையால் இரும்புக்குக் கட்டுப்படியாகவில்லை. 1953இல் சோவியத் ஆய்வாளர்கள் லியுபாவ்ஸ்கியும் நோவோஷிலோவும் மலிவான கார்பன் டை ஆக்சைடைக் கொண்டு வந்தார்கள். அது வில்லின் சூட்டில் சிதைந்து ஆக்சிஜனை விடுவிக்கும். அதைப் பிடிக்கவே கம்பியில் மாங்கனீசும் சிலிக்கானும் சேர்க்கிறார்கள். தெறிப்பைக் குறைக்க 75 விழுக்காடு ஆர்கான், 25 விழுக்காடு கார்பன் டை ஆக்சைடு கலவை பின்னர் பரவலானது.

திறந்தவெளியில் காற்றடித்தால் வாயுக் கவசம் கலைந்துவிடும். 1950களில் வந்த மாற்று, ஃபிளக்ஸைக் குழல் போன்ற கம்பிக்குள் அடைப்பது. ஆர்தர் பெர்னார்டு என்பவரின் முறையில் உள்ளே ஃபிளக்ஸ், வெளியே வாயு. அந்தப் பத்தாண்டின் இறுதியில் லிங்கன் எலெக்ட்ரிக், இன்னர்ஷீல்டு என்ற பெயரில் வாயுவே தேவைப்படாத கம்பியை விற்பனைக்குக் கொண்டு வந்தது.

இன்றைய விதிகளும் இங்கிருந்தே வருகின்றன. மிக் கம்பி நேர்முனையில் இணைக்கப்படும். வாயு தேவைப்படாத ஃபிளக்ஸ் கோர் கம்பி பெரும்பாலும் எதிர்முனையில். வாயுவோடு இயங்குவது நேர்முனையில். குழல் நசுங்காதிருக்கச் சொரசொரப்பான ரோலர் வேண்டும், அழுத்தம் மிகக் கூடாது. அடுத்த வரிசை போடும் முன் கசடைத் தட்டி நீக்க வேண்டும்.

வாயுவைக் கைவிட்டதற்கு ஒரு விலையும் இருந்தது. உள்ளே நுழையும் நைட்ரஜனைப் பிணைக்க வாயுவற்ற கம்பிகளில் அலுமினியம் சேர்ப்பார்கள். அது மிகுந்தால் இணைப்பின் தாக்குதாங்கும் திறன் குறையும். 1994 ஜனவரி 17இல் லாஸ் ஏஞ்சலஸ் அருகே நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்தில், நூற்றுக்கும் மேற்பட்ட எஃகுச் சட்டகக் கட்டடங்களில் தூணும் உத்திரமும் சேரும் இணைப்புகள் விரிசல் கண்டன. பலவற்றில் பயன்பட்டது இ70டி-4 என்ற வாயுவற்ற கம்பி. அதற்குத் தாக்குதாங்கும் அளவு வரையறுக்கப்பட்டிருக்கவில்லை. வடிவமைப்புக் குறைகளும் ஆய்வுக் குறைகளும் அதோடு சேர்ந்திருந்தன. அதன்பின் நிலநடுக்கத்தைத் தாங்க வேண்டிய முக்கிய இணைப்புகளுக்கான கம்பிகளுக்குத் தாக்குச் சோதனை கட்டாயமானது.

பட்டறைக்குள் மெல்லிய தகடென்றால் மிக் போதும். காற்றடிக்கும் இடத்தில் தடித்த இரும்பென்றால் வாயு தேவைப்படாத ஃபிளக்ஸ் கோர் ஏற்றது. எதை எடுத்தாலும், கம்பிப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் வகை எண்ணையும் துருவத்தையும் படித்த பிறகே கற்பவர் வெல்டிங் கன்னைத் தொட வேண்டும்.