ஆப்பர்ச்சூனிட்டி: ஒரு பள்ளத்தாக்கின் இரு வழக்குகள்

அமெரிக்காவின் மொண்டானா மாநிலத்தில், அனகோண்டா நகரையொட்டி ஆப்பர்ச்சூனிட்டி என்றொரு சிற்றூர் உண்டு. ‘நல்வாய்ப்பு’ என்று பொருள்படும் இந்தப் பெயரின் பின்னே நூறாண்டுக்கும் மேலான ஒரு வரலாறு இருக்கிறது. ஒருவனுடைய நிலம் நஞ்சாகிவிட்டால், அது எந்த அளவுக்குத் தூய்மையாக வேண்டும் என்று முடிவுசெய்பவர் யார் என்ற கேள்வியே அந்த வரலாற்றின் மையம்.

பியூட் நகரச் சுரங்கங்களில் வெட்டிய செம்புத் தாதுவை உருக்க, 1880களில் மார்கஸ் டேலி அனகோண்டாவில் உலை அமைத்தார். 1902இல் அங்கே இன்னும் பெரிய உலை எழுந்தது. அதன் புகையோடு கலந்து வந்த ஆர்சனிக் டியர் லாட்ஜ் பள்ளத்தாக்கின் புல்வெளிகளில் படிந்தது. மேய்ந்த குதிரைகளும் மாடுகளும் மடிந்தன. நிறுவனம் முதலில் இழப்பீடு கொடுத்துப் பார்த்தது, புகைபோக்கியை உயர்த்திப் பார்த்தது. சாவு நிற்கவில்லை. 1905இல் விவசாயிகள் ஒன்றுதிரண்டு, உலைக்குத் தடை கோரி மத்திய நீதிமன்றத்தை அணுகினார்கள். 1909இல் தீர்ப்பு அவர்களுக்கு எதிராக வந்தது. மேல்முறையீடும் 1911இல் தோற்றது. உலை நின்றால் அதை நம்பி வாழும் ஊர்களும் தொழிலும் அழியும். அந்த இழப்போடு ஒப்பிட்டால் விவசாயிகளின் இழப்பு சிறிது என்பதே நீதிமன்றம் போட்ட கணக்கு. நிலத்தின் மீது உழவனுக்கு உரிமை இல்லை என்று யாரும் சொல்லவில்லை. பொது நன்மை என்னும் தராசில் அவ்வுரிமை எடை குறைந்துபோனது, அவ்வளவுதான்.

அதற்குப் பிந்திய ஆண்டுகளில் நிறுவனமே உருவாக்கிய ஊர்தான் ஆப்பர்ச்சூனிட்டி. உலைத் தொழிலாளர்களுக்கு அங்கே மனைகள் விற்கப்பட்டன. புகைக்கு அடியிலும் தோட்டம் செழிக்கும் என்று ஊருக்குக் காட்டுவதும் அதன் நோக்கங்களில் ஒன்று. 1919 வாக்கில் 585 அடி உயரப் புகைபோக்கி எழுந்தது. அது இன்றும் அங்கே நிற்கிறது.

1977இல் அட்லாண்டிக் ரிச்ஃபீல்டு நிறுவனம் அனகோண்டாவை வாங்கியது; 1980இல் உலை மூடப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில், நியூயார்க் மாநிலத்தின் லவ் கேனால் குடியிருப்பில் புதைந்திருந்த இரசாயனக் கழிவு எழுப்பிய கொந்தளிப்பின் விளைவாக, சூப்பர்ஃபண்ட் எனப்படும் சட்டம் பிறந்தது. மாசுபடுத்தியவனே துப்புரவுச் செலவை ஏற்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. 1983இல் அனகோண்டா வட்டாரம் அச்சட்டத்தின் கீழ் வந்தது. பரப்பு சுமார் 300 சதுர மைல். அடுத்த முப்பத்தைந்து ஆண்டுகளில் நிறுவனம் ஏறத்தாழ 45 கோடி டாலர் செலவிட்டது.

ஆனால் எது தூய்மை? குடியிருப்பு மண்ணில் பத்து லட்சத்தில் 250 பங்கு வரை ஆர்சனிக் இருக்கலாம் என்றது சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. 2008இல் மாநில நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்த 98 நிலவுடைமையாளர்கள் கேட்டது 15 பங்கு. முகமை ஓரடி ஆழம் தோண்டினால் போதும் என்றது. இவர்கள் ஈரடி என்றார்கள். நிலத்தடி நீரை வடிகட்ட 8,000 அடி நீளத் தடுப்பும் கேட்டார்கள். தங்கள் மண்ணைப் பழைய நிலைக்குக் கொண்டுவர ஆகும் செலவு இது. ஐந்து கோடி டாலருக்கு மேல். வழக்கு நடக்கையிலேயே இன்னொன்றும் நிகழ்ந்தது. மிசூலா நகருக்கு அருகே மில்டவுன் அணையை அகற்றி ஆற்றைத் துப்புரவு செய்தபோது, அங்கே தேங்கியிருந்த நச்சுச் சேறு இரயிலில் ஏற்றப்பட்டு ஆப்பர்ச்சூனிட்டியின் கழிவுக் குளங்களுக்கு வந்து சேர்ந்தது.

2017இல் மொண்டானா உச்ச நீதிமன்றம் உடைமையாளர்கள் பக்கம் நின்றது. 2020 ஏப்ரலில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதைத் திருத்தியது. மாநில நீதிமன்றம் வழக்கை விசாரிக்கலாம் என்று ஒப்புக்கொண்ட தலைமை நீதிபதி ராபர்ட்ஸ், சட்டத்தின் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டார். நச்சுப்பொருள் வந்து தங்கிய இடம் எதுவாயினும் அதன் உரிமையாளர் ‘பொறுப்பாகக்கூடிய தரப்பினர்’. புகை வந்து படிந்த வீட்டின் சொந்தக்காரரும் அந்தப் பட்டியலில் அடங்குவார். ஆகவே முகமையின் அனுமதியின்றி அவர் துப்புரவில் இறங்க முடியாது. பேரக்குழந்தைக்கு மணல்தொட்டி தோண்டவும் அனுமதி வேண்டுமோ என்ற அச்சம் வீண் என்றும் அவர் சமாதானம் சொன்னார். நீதிபதிகள் கோர்சச்சும் தாமசும் இதை ஏற்கவில்லை. சட்டம் பாதிக்கப்பட்டவரின் பழைய உரிமைகளோடு கூடுதலாக ஒன்றைத் தந்ததேயன்றி, இருந்ததைப் பறிக்கவில்லை என்பது அவர்கள் வாதம்.

முகமையின் பக்கமும் நியாயம் இல்லாமலில்லை. 300 சதுர மைலில் ஒவ்வொருவரும் தத்தம் திட்டப்படி தோண்டினால், அடங்கிக் கிடக்கும் ஆர்சனிக் காற்றிலும் நீரிலும் மீண்டும் கலக்கக்கூடும். நஞ்சுக்கு வேலி தெரியாது. ஒருங்கிணைப்புக்கு ஓர் அதிகாரம் தேவைதான்.

எனினும் இரு தீர்ப்புகளையும் அருகருகே வைத்துப் பார்க்கையில் ஒன்று உறுத்துகிறது. 1909இல் தொழில்வளம் என்னும் பொது நன்மைக்காக விவசாயி பொறுத்துக்கொள்ள நேர்ந்தது. 2020இல் சூழல் பாதுகாப்பு என்னும் பொது நன்மைக்காக அதே பள்ளத்தாக்கின் வீட்டுக்காரர் அனுமதி கேட்டு நிற்க நேர்ந்தது. தராசின் மறுதட்டில் இருந்த பொருள் மாறியது. மண்ணில் வாழ்பவரின் எடை மாறவில்லை. மாசுபடுத்தியவனைப் பிடிக்கப் பிறந்த சட்டம், மாசுபட்டவரையும் அவனோடு ஒரே பெயரில் சேர்த்து எழுதிவிட்டது. சூழலியல் சட்டங்களை நாம் வரவேற்கும்போது, தூய்மையின் அளவை நிர்ணயிக்கும் இடத்தில் அந்த மண்ணில் வாழ்பவருக்கும் ஓர் இருக்கை இருக்கிறதா என்று கேட்கப் பழக வேண்டும்.