பாகூர் ஏரியில் என்னென்ன மீன் இருக்கு? தூண்டில் போட எது சரியான நேரம்? முழு விவரம்!

மழை ஓய்ந்து ஏரி நிரம்பியதும் குருவிநத்தம், பாகூர் பக்கம் டீக்கடையில் ஒரு கேள்வி கட்டாயம் வரும்: "ஏரியில மீன் எப்படி இருக்கு?" ஒருத்தர் கட்லா நிறைய கிடக்கு என்பார். இன்னொருத்தர், காலையில இருந்து உட்கார்ந்தும் விரல் நீளத்துக்கு ஜிலேபி மட்டும்தான் மாட்டுச்சு என்பார். இரண்டு பேர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம்.

ஏன்னா, ஏரி மீன் ஒரே கூட்டம் கிடையாது. சில மீன் நாம் கொண்டுவந்து விட்டது. சில மீன் தண்ணியோடு தானாக வந்தது. இன்னும் சில, வரக்கூடாத மீன். இந்த மூன்றையும் பிரித்துப் பார்த்தால்தான் ஏரியில் என்ன இருக்கு, அடுத்த வருஷம் என்ன இருக்கும் என்பது புரியும்.

பாகூர் ஏரிக்குத் தண்ணி எங்கிருந்து வருது?

புதுச்சேரி பகுதியில் ஊசுட்டேரிக்கு அடுத்த பெரிய ஏரி பாகூர் ஏரிதான். மழைத்தண்ணி ஒரு பக்கம் வந்தாலும், இதன் உயிர்நாடி தென்பெண்ணை ஆறு. மேற்கே சொர்ணாவூர் அணைக்கட்டில் பிரியும் ஆற்றுத் தண்ணி பங்காரு வாய்க்கால் வழியாக ஏரிக்கு வருகிறது. பங்காரி, சிங்காரி என்ற இரண்டு பெண்கள் தங்கள் செல்வத்தைச் செலவழித்து இந்த வாய்க்காலை வெட்டினார்கள் என்பது இந்த ஊர்களில் தலைமுறையாகச் சொல்லப்படும் கதை.

கர்நாடகத்தில் நந்தி மலைப் பகுதியில் பிறக்கும் தென்பெண்ணை, கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை எல்லாம் தாண்டி, பாகூர் கொம்யூனின் தெற்கு ஓரத்தைத் தொட்டு கடலூர் அருகே கடலில் கலக்கிறது. குருவிநத்தம் அந்த ஆற்றங்கரைப் பக்கத்து ஊர். அதனால் இங்கே ஆத்து மீனும் தெரியும், ஏரி மீனும் தெரியும்.

மீனைப் பொறுத்தவரை பங்காரு வாய்க்கால் வெறும் தண்ணிப் பாதை இல்லை. ஆற்றில் இருக்கும் குஞ்சுகளும் முட்டைகளும் ஏரிக்குள் வரும் வாசல் அது. வாய்க்கால் தூர்ந்துபோனால் தண்ணி குறைவது மட்டும் இல்லை, இந்த மீன் வரத்தும் நிற்கும்.

முதல் வகை: விட்ட மீன்

கட்லா, ரோகு, மிர்கால். கல்யாண வீட்டிலும் ஞாயிற்றுக்கிழமைக் கடையிலும் 'ஏரி மீன்' என்று நாம் வாங்குவது பெரும்பாலும் இந்த மூன்றுதான். கட்லா தண்ணீரின் மேல்மட்டத்தில் மேயும். ரோகு நடுவில். மிர்கால் அடியில். ஒன்றின் சாப்பாட்டில் இன்னொன்று அதிகம் கை வைக்காது. அதனால்தான் மூன்றையும் சேர்த்து விடுகிறார்கள்.

ஆனால் இவை ஏரியில் எவ்வளவு பெரிதாக வளர்ந்தாலும், தேங்கிய தண்ணியில் முட்டையிட்டு இனம் பெருக்காது. இவற்றுக்கு மழைக்கால ஆற்று வெள்ளம் போல ஓடும் தண்ணி வேண்டும். 1957 ஜூலை 10-ஆம் தேதி, ஒடிசாவில் உள்ள அங்குல் என்ற இடத்தில் விஞ்ஞானி ஹீராலால் சௌத்ரி, ஹார்மோன் ஊசி போட்டு இந்தக் கெண்டை வகை மீன்களை முட்டையிட வைத்தார். இன்றைக்குப் பண்ணைகளில் மீன் குஞ்சு உற்பத்தி நடப்பதற்கு அடித்தளம் அதுதான். ஜூலை 10 தேசிய மீன் வளர்ப்போர் தினமாகக் கொண்டாடப்படுவதும் இதனால்தான்.

ஆக, ஏரியில் கட்லா இருக்கா என்பதற்கான பதில் ரொம்ப எளிது. குஞ்சு விட்டால் உண்டு. விடாத வருஷம், வெள்ளத்தில் வந்தவையும் போன வருஷம் தப்பியவையும் மட்டுமே.

எந்த அளவில் குஞ்சு விடுகிறோம் என்பதும் முக்கியம். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத சின்னக் குஞ்சாக விட்டால் விராலும் வாளையும் ஒரு பிடி பிடித்துவிடும். விரல் அளவு வளர்ந்த குஞ்சு, அதாவது 'விரலி'யாக விட்டால்தான் நிறைய பிழைக்கும்.

இரண்டாம் வகை: தானா வந்த மீன்

விரால், குறவை, கெளுத்தி, தேளி, கெண்டை, அயிரை, ஆரால், உளுவை, பனையேறிக் கெண்டை, வாளை. இவற்றை யாரும் காசு கொடுத்து வாங்கி விடவில்லை. ஆறு, வாய்க்கால், வயல், ஏரி என்று தண்ணி போகும் இடமெல்லாம் போய் வாழும் நாட்டு மீன்கள். ஐப்பசி மழையில் புதுத்தண்ணி வரும்போது வாய்க்காலில் எதிர்நீச்சல் போட்டு ஏறுவது இவைதான்.

இதில் விரால், குறவை, தேளி, பனையேறிக் கெண்டை நான்குக்கும் ஒரு தனிச் சிறப்பு உண்டு. தண்ணிக்கு மேலே வந்து நேரடியாகக் காற்றைச் சுவாசிக்கும். ஏரி வற்றிச் சேறானாலும் உடனே சாகாது. விரால் ஈரச் சேற்றுக்குள் புதைந்தே கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கும். சந்தையில் விராலைத் தொட்டியில் உயிரோடு வைத்து விற்க முடிவதும் இதனால்தான்.

மூன்றாம் வகை: வரக்கூடாத மீன்

ஜிலேபி இன்றைக்கு நம்ம ஊர் மீன் மாதிரியே ஆகிவிட்டது. ஆனால் ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இது இந்தியாவுக்கு வந்தது 1952-இல்தான். தாய் மீன் முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள்ளேயே வைத்துக் காப்பாற்றும். சில மாதங்களிலேயே இனப்பெருக்கத்துக்குத் தயாராகி, வருஷத்துக்குப் பல முறை குஞ்சு பொரிக்கும். கூட்டம் அதிகமானால் சாப்பாடு பத்தாமல் எல்லாமே குட்டையாக நின்றுவிடும். தூண்டிலில் திரும்பத் திரும்ப விரல் நீள ஜிலேபி மாட்டுவதற்கு இதுதான் காரணம்.

இதைவிட ஆபத்தானது ஆப்பிரிக்கக் கெளுத்தி. கிடைத்ததை எல்லாம் தின்னும், நாட்டு மீன் குஞ்சுகளையும் விட்டுவைக்காது. 2000-ஆம் ஆண்டிலேயே இதை வளர்க்க மத்திய அரசு தடை விதித்தது. ஆனாலும் பல இடங்களில் 'தேளி' என்ற பெயரிலேயே விற்கிறார்கள். நாட்டுத் தேளி மெலிந்த உடம்பு, முதுகுத் துடுப்பு ரொம்பச் சின்னது. ஆப்பிரிக்கக் கெளுத்திக்குத் தலை அகலமாக, தட்டையாக இருக்கும். முதுகு முழுக்கத் துடுப்பு நீளமாக ஓடும். எடையும் பல மடங்கு. பிடிபட்டால் பாவம் பார்த்து மறுபடி தண்ணியில் விட வேண்டாம்.

எந்த மாசம் எப்படி இருக்கும்?

ஐப்பசி, கார்த்திகை: வடகிழக்குப் பருவமழை. ஏரிக்குப் புதுத்தண்ணி வரும் நேரம். தண்ணி கலங்கலாக இருக்கும், மீன் சிதறிக் கிடக்கும். தூண்டிலுக்கு ஏற்ற நேரம் இல்லை. வாய்க்காலில் ஏறும் மீன் வயிற்றில் பெரும்பாலும் முட்டை இருக்கும். குறுக்கே வலை கட்டிப் பிடித்தால் ஏரிக்குள் போக வேண்டிய அடுத்த தலைமுறை அங்கேயே முடிந்துவிடும்.

மார்கழி, தை: ஏரி நிறைந்து தண்ணி தெளியும். குளிரில் மீனுக்குப் பசி குறைவு. அந்த மழைக்கு விட்ட குஞ்சுகள் இன்னும் சின்னதாகவே இருக்கும். பொறுமை இருந்தால் கெண்டை, ஜிலேபி கிடைக்கும்.

மாசி, பங்குனி: நவரைப் பட்டத்துக்குத் தண்ணி போகப் போக ஏரி இறங்கும். மீன் ஒரு பக்கமாகக் கூடும், வெயில் ஏறுவதால் பசியும் ஏறும். தூண்டில்காரர்களுக்கு வருஷத்தின் நல்ல நேரம் இதுதான். விராலும் கெளுத்தியும் நன்றாக எடுக்கும்.

சித்திரை, வைகாசி: தண்ணி பள்ளங்களுக்குள் ஒதுங்கும். பிடிப்பது சுலபம். ஆனால் யோசித்துப் பிடிக்க வேண்டிய நேரமும் இதுதான். ஏன் என்று கடைசியில் பார்ப்போம்.

இந்தக் கணக்கு எல்லா வருஷமும் அப்படியே நடக்காது. 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்து டிசம்பர் 2-ஆம் தேதி சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கனஅடி தண்ணி திறக்கப்பட்டு, தென்பெண்ணைக் கரையோர ஊர்களுக்குள் வெள்ளம் புகுந்தது. இப்படிப்பட்ட வெள்ளத்தில் ஏரிகளின் கலிங்கல் வழியாக வளர்த்த மீன் வெளியே போகும். ஆற்று மீன், பண்ணைக் குட்டைகள் உடைந்து வந்த மீன் எல்லாம் உள்ளே வரும். அதனால் பெரிய வெள்ளத்துக்கு அடுத்த வருஷம் தூண்டிலில் என்ன மாட்டும் என்று முன்கூட்டியே சொல்வது கஷ்டம்.

எந்த மீனுக்கு என்ன இரை?

ஜிலேபி, கெண்டை: கரையோரம், மண்புழு. சின்ன முள் போதும். பகலிலும் எடுக்கும்.

ரோகு, மிர்கால்: மாவு உருண்டை, கடலைப் புண்ணாக்கு கலந்தது. ஈயக்குண்டு கட்டி அடியில் போட வேண்டும். கட்லா தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிரைத் தின்னும் மீன் என்பதால் மண்புழுவுக்கு லேசில் வராது.

கெளுத்தி, தேளி: சாயங்காலத்துக்கு மேல், அடிமட்டத்தில், மண்புழு. தூண்டிலில் இருந்து கழற்றும்போது கவனம். செவுள் பக்கத்து முள் குத்தினால் கடுக்கும். தேளியின் முள்ளில் விஷமே உண்டு.

விரால்: அதிகாலை, மாலை. செடி மண்டிய ஓரங்களில் சின்ன மீன் அல்லது ரப்பர் தவளை.

விரால் பற்றி ஒரு விஷயம். தண்ணி மேல் சிவப்பாகக் குஞ்சுக் கூட்டம் ஒன்று சுற்றினால், கீழே தாய், தகப்பன் காவல் இருக்கிறது என்று அர்த்தம். அந்த இடத்தில் தவளையைப் போட்டால் குஞ்சைக் காப்பாற்றும் கோபத்தில் பாய்ந்து கடிக்கும். ஒரு நிமிஷத்தில் பெரிய விரால் கிடைக்கும். ஆனால் காவல் போனதும் மொத்தக் குஞ்சும் மற்ற மீனுக்கு இரை. அந்தக் கூட்டத்தைப் பார்த்தால் தூண்டிலை வேறு பக்கம் கொண்டுபோவதுதான் நல்லது.

யார் வேண்டுமானாலும் மீன் பிடிக்கலாமா?

இல்லை. ஏரி பொதுச் சொத்துதான். ஆனால் மீன் குத்தகைக்கு விடப்பட்டிருந்தால், குஞ்சு விட்டவருக்கே அந்த மீனில் உரிமை. போவதற்கு முன்பு பாகூர் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் நிலவரம் கேட்டுக்கொள்வது நல்லது. ஒற்றைத் தூண்டில்தானே என்று உட்கார்ந்து, பிறகு வாக்குவாதம் ஆக வேண்டாம். ஊசுட்டேரிக்குப் போகலாமா என்று கேட்டால், அது 2008-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம். தூண்டிலை வீட்டிலேயே வைத்துவிட்டுப் பறவை பார்க்கப் போகலாம்.

இந்தக் குத்தகை முறை புதுசு இல்லை. ஏரி மீனுக்கான வரியும் குத்தகையும் 'பாசிப்பாட்டம்' என்ற பெயரில் பழைய கல்வெட்டுகளில் வருகிறது. 'மீன்பாசி குத்தகை' என்று இன்றும் நாம் சொல்வது அந்தச் சொல்லின் தொடர்ச்சிதான். மீனில் வந்த பணத்தை ஏரியைப் பராமரிக்கவே ஒதுக்கிய கல்வெட்டுகளும் உண்டு.

வெடி போடுவது, விஷம் கலப்பது இரண்டையும் 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமே குற்றம் என்றது. கரன்ட் வைத்துப் பிடிப்பது மீனோடு மனுஷனையும் கொல்லும்.

மீன் செத்து மிதந்தால் விஷம்தானா?

எப்போதும் இல்லை. ஆகாயத்தாமரையும் பாசியும் மண்டிய ஏரியில் ராத்திரி முழுக்கச் செடியும் மீனும் சேர்ந்து தண்ணியில் உள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். விடியற்காலையில் அது ரொம்பக் குறைந்திருக்கும். தண்ணி வற்றிய நேரத்தில் இரண்டு மூன்று நாள் மேகமூட்டமும் சேர்ந்தால், கட்லாவும் ரோகுவும் வாயைப் பிளந்துகொண்டு மேலே வரும், சாகும். கட்லா செத்து, காற்றைச் சுவாசிக்கும் விராலும் தேளியும் நலமாக இருந்தால், பெரும்பாலும் காரணம் மூச்சுத்திணறல். விராலும் சேர்ந்து செத்துக் கிடந்தால்தான் விஷமோ கழிவோ என்று சந்தேகப்பட வேண்டும். எதுவானாலும் செத்த மீனை எடுத்துச் சமைக்க வேண்டாம்.

கடைசிக் குட்டை ஏன் முக்கியம்?

இப்போது சித்திரைக்கு வருவோம். ஏரி வற்றும்போது நாட்டு மீன் எல்லாம் ஆழமான சில பள்ளங்களில் ஒதுங்கும். அடுத்த ஐப்பசியில் ஏரி நிரம்பும்போது இனம் பெருக்கப் போவது அங்கே மிஞ்சும் மீன்தான். கட்லா தீர்ந்தால் பண்ணையில் வாங்கி விடலாம். அயிரையையும் ஆராலையும் உளுவையையும் யார் வாங்கி விடப் போகிறார்கள்? கடைசிக் குட்டையையும் மோட்டார் வைத்து இறைத்து அரித்துவிட்டால், வாய்க்காலில் வருவது மட்டுமே மிச்சம். வாய்க்காலும் தூர்ந்திருந்தால் அதுவும் இல்லை. அந்தக் காலி இடத்தை முதலில் நிரப்புவது ஜிலேபி.

புதுச்சேரியின் 84 ஏரிகளைச் சீரமைக்க ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு 1999-இல் ஒரு திட்டம் தொடங்கியது. கிராமங்களில் ஏரிச் சங்கங்கள் அமைக்கப்பட்டன. தூர்வாருவது பற்றிய பேச்சு அப்போதிலிருந்து இன்றுவரை ஓயவில்லை. அந்தப் பேச்சில் மீனுக்காக ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம்: ஏரியை எல்லாப் பக்கமும் ஒரே மட்டமாக வாராமல், கோடையிலும் தண்ணி நிற்கும் ஒரு பள்ளத்தை விட்டுவைத்து, அதில் மட்டும் வலை போடாமல் இருப்பது. செலவு ஒன்றும் இல்லை, ஊர் ஒத்துக்கொண்டால் போதும்.

சுருக்கமா சொன்னா: கட்லா வேணும்னா குஞ்சு விட்டாங்களான்னு கேளுங்க. விரால் வேணும்னா மாசி, பங்குனியில் போங்க. அடுத்த வருஷமும் விரால் வேணும்னா, சித்திரையில் அந்தக் கடைசிக் குட்டையை விட்டுடுங்க.