இலக்கிய நயம் பாராட்டல்

இலக்கிய நயம் பாராட்டல் என்பது ஒரு படைப்பைப் படித்து, அதன் பொருளும் வடிவும் எவ்வாறு இணைந்து பயன் தருகின்றன என்பதை எடுத்துரைக்கும் பயிற்சி ஆகும். இது இலக்கியத் திறனாய்வின் தொடக்க நிலை எனலாம்.

தேர்வில் நயம் பாராட்டல்

தமிழ்நாட்டுப் பள்ளித் தமிழ்த் தேர்வுகளில் ஒரு பாடலைக் கொடுத்து நயம் பாராட்டச் சொல்வது வழக்கம். மையக் கருத்து, எதுகை, மோனை, இயைபு, அணி, சுவை போன்ற தலைப்புகளில் மாணவர் விடை எழுதுவர். தலைப்புகள் பயனுள்ளவையே. ஆயினும் எந்தப் பாடலுக்கும் பொருந்தும் புகழ்ச்சித் தொடர்களை மனப்பாடம் செய்து, பாடலைப் படிக்காமலேயே விடை எழுதிவிட முடிகிறது. மோனையைச் சுட்டுவது எளிது. அம்மோனை அவ்விடத்தில் என்ன செய்கிறது என்று கூறுவதே நயம் பாராட்டல்.

மரபு

13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நன்னூல், பாடம் கேட்கும் முறையையும் வகுத்துள்ளது. ஆசிரியரிடம் கேட்பதால் கால் பங்கு அறிவே கிட்டும். உடன் பயில்வோருடன் பழகுவதால் மற்றொரு கால் பங்கு. பிறருக்கு விரித்துரைப்பதால் எஞ்சிய பாதி என்பது பவணந்தியாரின் கணக்கு. உரையாசிரியர்களும் தம்முள் மாறுபட்டனர். திருக்குறளுக்கு மணக்குடவரும் பரிமேலழகரும் எழுதிய உரைகளை அருகருகே வைத்துப் படிப்பவர், ஒரே குறளுக்கு இரு பொருள் இயலும் என்பதை உணர்வர்.

முல்லைப்பாட்டு ஆராய்ச்சியுரை

மறைமலை அடிகள் (அப்போது வேதாசலம்) சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தபோது, 1903இல் முல்லைப்பாட்டு ஆராய்ச்சியுரையை வெளியிட்டார். அக்கல்லூரி 1937இல் தாம்பரம் செல்லும் வரை, இராயபுரத்திற்குத் தெற்கே ஜார்ஜ் டவுன் பகுதியில் இயங்கியது. முல்லைப்பாட்டு 103 அடிகளே உடையது. பத்துப்பாட்டில் மிகச் சிறியது. இதற்கு உரை கண்ட நச்சினார்க்கினியர், தொலைவில் உள்ள சொற்களை எடுத்து வந்து கூட்டிப் பொருள் கொண்டார். அடிகள் இதனை ஏற்கவில்லை. புலவர் அமைத்த வரிசையிலேயே பாட்டைப் படிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. மதிப்பிற்குரிய பழைய உரையாசிரியர் ஒருவரைப் பாட்டையே சான்றாகக் கொண்டு மறுத்தமையால் இந்நூல் சிறப்புப் பெறுகிறது. 1906இல் அவரது பட்டினப்பாலை ஆராய்ச்சியுரையும் வெளிவந்தது.

பிற்காலத்தில் சி. சு. செல்லப்பா 1959இல் தொடங்கிய 'எழுத்து' இதழ் புதுக்கவிதையையும் சிறுகதையையும் வரிவரியாக அலசியது. இலங்கைப் பேராசிரியர் க. கைலாசபதியின் 'தமிழ் நாவல் இலக்கியம்' (1968) படைப்பைச் சமூகப் பின்னணியில் வைத்து நோக்கியது. இவ்விரு வழியினருக்கும் இடையே கடும் விவாதங்கள் நடந்தன.

எடுத்துக்காட்டு: திருவொற்றியூர்

சுந்தரர் திருவொற்றியூரில் சங்கிலியாரை மணந்த கதை வடசென்னையில் பலரும் அறிந்தது. சங்கிலியார், மீஞ்சூர், வள்ளூர் பக்கத்து மாணவர்களுக்கு அண்மையிலுள்ள ஞாயிறு என்னும் ஊரில் பிறந்தவர். நன்கு தெரிந்த கதை என்பதாலேயே நூலைக் கவனியாது விடும் வாய்ப்பு மிகுதி.

பிரியேன் எனச் சூளுரைத்த சுந்தரர், அதை மீறி ஊர் எல்லையைக் கடந்ததும் பார்வை இழந்தார். அவரது ஒற்றியூர்ப் பதிகம் ஒன்றில் கண் பறிபோனதற்கான முறையீடும், ஊன்றுகோல் ஒன்றேனும் வேண்டும் வேண்டுகோளும் உள்ளன. நிகழ்ச்சிகளை விரிவான கதையாக அமைத்தவர் 12ஆம் நூற்றாண்டினரான சேக்கிழார். எனவே பதிகம் கூறுவது எது, புராணம் கூறுவது எது என்று பிரித்தறிவது முதற்படி.

அடுத்து, கதையின் அமைப்பு. சூள் கோயிலில் நிகழும்போது மகிழ மரத்தடியில் எழுந்தருளுமாறு சுந்தரர் இறைவனை வேண்டுகிறார். இறைவனோ சங்கிலியாருக்குக் கனவில் தோன்றி, மகிழின் கீழேயே சூள் பெறுமாறு கூறிவிடுகிறார். சூளை மீறியது மட்டுமா தவறு, அதற்கு முன் செய்த சூழ்ச்சியுமா என்ற வினா இங்கு எழுகிறது. சேக்கிழார் இதனை ஏயர்கோன் கலிக்காம நாயனார் புராணத்தில் வைத்துள்ளார். இறைவனையே பரவையாரிடம் தூது அனுப்பிய சுந்தரர்மீது சினம் கொண்டவர் கலிக்காமர். சுந்தரரைக் குறை கூறுபவரின் வரலாற்றுக்குள்ளேயே அவரது பிழையும் சொல்லப்படுவது தற்செயல் அன்று.

சங்கிலியார் பக்கம் நின்று இப்பகுதியை மீண்டும் படிப்பவர், கதை பார்வை இழந்தவரைப் பின்தொடர்ந்து காஞ்சிக்கும் திருவாரூருக்கும் சென்றுவிடுவதையும், சங்கிலியார் ஒற்றியூரிலேயே விடப்படுவதையும் காணலாம்.