நகல் கேசட்டுக்கும் வரலாறு உண்டு

பழைய வீடியோ கேம்களைச் சேகரிப்பவர்கள் உலகெங்கும் அசல் பெட்டியைத்தான் தேடுகிறார்கள். நிண்டெண்டோ 1983-ல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாம், அதன் அட்டைப்பெட்டி, கையேடு, முத்திரை என்று அவர்கள் கணக்குப் போகிறது. அந்தக் கணக்கை எங்கள் கடற்கரை ஊர்களான தருவைகுளத்துக்கோ தூத்துக்குடிக்கோ கொண்டுவந்தால் சேகரிக்க அநேகமாக எதுவும் மிஞ்சாது. 1990-களில் தமிழ்நாட்டு வீடுகளுக்குள் 'டிவி கேம்' என்று நுழைந்தவற்றில் பெரும்பாலானவை ஃபேமிகாமின் நகல்கள். 'மீடியா', 'லிட்டில் மாஸ்டர்' என்று பெட்டியின் மேல் பெயர் இருக்கும். உள்ளே இருப்பது ஃபேமிகாமைப் பார்த்துச் செய்த சில்லு. கேசட்டின் மேல் '9999 இன் 1' என்று போட்டிருக்கும். போட்டுப் பார்த்தால் சில விளையாட்டுகளே வெவ்வேறு கட்டங்களிலிருந்து தொடங்கும்படி பட்டியல் முழுக்கத் திரும்பத் திரும்ப வரும். இந்தக் கரையின் அனுபவத்துக்கு அந்த நகல்தான் முதல் ஆவணம் என்பது என் கட்சி.

இதற்கு முன்னுதாரணம் பக்கத்து ஊரான சிவகாசியிலேயே இருக்கிறது. 1972-ல் முத்து காமிக்ஸ் தன் முதல் இதழாக 'இரும்புக்கை மாயாவி'யை வெளியிட்டது. மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து இரும்புக் கை மட்டும் தெரியும் அந்த நாயகன், 1962-ல் 'வேலியன்ட்' என்ற பிரிட்டிஷ் வார இதழில் பிறந்தவன். ஆனாலும் பழைய புத்தகக் கடைகளில் மாயாவியைத் தேடி அலையும் தமிழ்ச் சேகரிப்பாளர் கேட்பது லண்டன் இதழை அல்ல, சிவகாசித் தாளில் அச்சான தமிழ்ப் பிரதியை. விஞ்ஞானக் கற்பனை இங்கே கைக்கு வந்து சேர்ந்த வடிவம் அதுதான். மாயாவிக்குப் பின் வந்த தலைமுறைக்கு, வேற்றுக்கிரகப் படையோடு மோதும் 'கான்ட்ரா' கேசட்டில் வந்தது.

எல்லா விளையாட்டும் இன்று கைபேசியிலேயே கிடைக்கும்போது பெட்டி எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் கைபேசியில் ஓடுவது இங்கே ஆடிய விளையாட்டு அல்ல. ஜப்பானியத் தொலைக்காட்சி நொடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பித்தது. நம்முடையது 50 முறை. ஜப்பானுக்காக எழுதிய 'மாரியோ' இந்திய டிவிக்கேற்ற நகல் பெட்டியில் ஓடும்போது, ஓட்டமும் பாட்டும் ஆறில் ஒரு பங்கு மெதுவாகும். இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் கேட்ட மாரியோ பாட்டு டோக்கியோ பிள்ளைகள் கேட்ட வேகத்தில் இல்லை! வாத்து சுடும் 'டக் ஹன்ட்' விளையாட்டுத் துப்பாக்கியின் கதை இன்னும் தெளிவானது. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் இருண்டு, வாத்து இருந்த இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாக ஒளிரும். துப்பாக்கி முனையிலுள்ள ஒளி உணரி அதைக் கண்டால் வாத்து விழும். பழைய படக்குழாய் டிவியின் வேகத்தை நம்பி இது செய்யப்பட்டது. இன்றைய தட்டை டிவியில் சற்றே தாமதித்துப் படம் வருவதால் குறி தப்பிவிடுகிறது. டிவியைக் காயலான் கடைக்குப் போட்ட அன்றே துப்பாக்கியும் செத்துவிட்டது.

இன்னொரு மறுப்பு கனமானது: இவை திருட்டுப் பிரதிகள், உழைத்தவருக்குக் காசு போகவில்லை. உண்மை. 40 கிலோபைட்டுக்குள் ஓர் உலகத்தையே அடக்கிய மாரியோவின் கலைஞர்களுக்கு நம் வீடுகளிலிருந்து எதுவும் சேரவில்லை. சில பிரதிகளில் முதல் திரையிலிருந்து நிறுவனத்தின் பெயரைக்கூட அழித்துவிட்டார்கள். மாயாவியைப் போல முறையாக வந்தவை என்று இவற்றைச் சொல்ல முடியாது. ஆனால் அழிக்கப்பட்ட அந்தப் பெயரே ஒரு சான்று. எது எப்படிக் கைமாறி இங்கு வந்தது என்பதை அந்தத் திரை சொல்கிறது. விற்பது வேறு, பாதுகாப்பது வேறு. இரண்டையும் ஒன்றாக்கினால் கடைசியில் தவறு நடந்த தடயமும் மிஞ்சாது.

இவற்றை இப்போதே பாதுகாக்க வேண்டிய அவசரத்துக்குக் காரணம் உப்பு. தருவைகுளம், வேப்பலோடை, வைப்பாறு என்று உப்பளங்களும் கடலும் சூழ்ந்த ஊர்களில் இரும்பும் செம்பும் என்ன ஆகும் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கேசட் ஓடாவிட்டால் வாயால் ஊதிச் செருகுவது எங்கும் வழக்கமாக இருந்தது. அந்த ஈரம் செம்புப் பற்களை மேலும் அரித்தது. பின்னாளில் வந்த மலிவுப் பெட்டிகளில் சில்லு கருப்புப் பிசின் பொட்டுக்கு அடியில் பலகையோடு ஒட்டியிருக்கும். கெட்டால் மாற்ற வழியில்லை. பரணில் ஒன்று கிடைத்தால் ஊதாமல், ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் பற்களைத் துடைத்து, ஓடினால் பட்டியல் திரையைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வைக்க வேண்டும். எந்த ஊர்க் கடையில் வாங்கியது, என்ன விலை என்பதையும் வாங்கியவர் இருக்கும்போதே கேட்டு எழுதிவிட வேண்டும்.