வண்டியில் வந்த ஏடு

கீழக்குயில்குடியை அடுத்து நிற்கிறது சமணர் மலை. செட்டிப்புடவிலும் பேச்சிப்பள்ளத்திலும் பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர் உருவங்கள்; அவற்றின் அடியில் வட்டெழுத்து. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு வெட்டப்பட்டவை. ஊரார் கண்ணெதிரேதான் இருந்தன; எனினும் கண்டவர் பலர், கற்றவர் சிலர்! எழுத்து எதிரே இருப்பது வேறு, எட்டுவது வேறு.

எட்டாத ஏட்டை எட்ட வைத்தவர் யார்? வரலாற்றைச் சற்றே புரட்டுவோம்.

1931 அக்டோபரில், மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் ஒரு மாட்டு வண்டி புறப்பட்டது. அதில் ஏற்றப்பட்டிருந்தது நெல் அன்று, நூல்! கனகசபைப் பிள்ளையின் முயற்சி அது. தொடங்கி வைத்தவர் நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். அரங்கநாதன். நூல் பூட்டி வைப்பதற்கன்று, பயன்படுவதற்கே; படிப்பவர் எவராயினும் அவருக்கேற்ற நூல் கிடைத்தாக வேண்டும்; அவர் பொழுது வீணாகலாகாது என்ற நெறிகளை அவர் நூலாக வெளியிட்டதும் அதே ஆண்டில்தான்.

1948-இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் கண்டது. விடுதலை பெற்ற நாட்டில் அதுவே முதற்சட்டம். வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்தது. மக்கள் காசில் வளரும் நூலகம் சலுகை ஆகுமா? அது உரிமை அல்லவா?

2023 ஜூலை 15-இல் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமோ பழைய நூல்களையும் இதழ்களையும் கட்டணமின்றிக் கைப்பேசியிலேயே காட்டுகிறது. மாட்டு வண்டி, கைப்பேசி ஆயிற்று. மகிழ்கிறோம். ஆனால், மகிழ்ந்து அமர்ந்துவிடலாமா?

நம் மாணவி ஒருத்தி, ஒரு நூலகச் செயலியில் நூலின் பெயரைத் தமிழில் தட்டினாள். ‘இல்லை’ என்றது. அந்நூல் அலமாரியில்தான் இருந்தது. பட்டியலில் ஆங்கில எழுத்தில் ஏறியிருந்தது! தமிழ் நூலைத் தமிழில் கேட்டவளுக்கு ‘இல்லை’ என்ற விடை. பாறை எழுத்தைப் பார்த்து நின்றவர் நிலைக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

செயலி செம்மையுற வேண்டும். தமிழில் கேட்டால் தமிழில் விடை தரவேண்டும். ஓரெழுத்துப் பிழைத்தாலும் நூலைக் காட்டவேண்டும். பேருந்துக் கட்டணம் செலவாகுமுன், நூல் எந்தக் கிளையில் உள்ளது, இரவல் போயிருக்கிறதா என்று சொல்லவேண்டும். பார்வையற்றோருக்குப் படித்துக்காட்ட வேண்டும். விலை குறைந்த கைப்பேசியிலும் இயங்கவேண்டும். கைப்பேசியே இல்லாதவர்க்கு, கிளை நூலகர் தாமே தேடித் தரவேண்டும்.

தோழர்களே! உங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்குச் செல்லுங்கள். அலமாரியில் உள்ள பத்து நூல்களின் பெயர்களைக் குறித்துக்கொண்டு, செயலியில் தமிழில் தேடுங்கள். கிடைக்காதவற்றை எழுதி நூலகரிடம் ஒப்படையுங்கள். திருத்தும்வரை மீண்டும் மீண்டும் கேளுங்கள்.

மேலவாசல் வண்டியை ஊர் தேடிப் போகவில்லை. ஊரைத் தேடி வண்டி வந்தது. இன்றைய செயலிக்கும் அதுவே இலக்கணம்.